அரப் பிர்கென் வீட்டு மாலைப் பால்

12

"ஜெசாங், உன் மாமாகிட்ட சொல்லும்மா. டீ ஆறுது."

மாமா இரண்டடி தள்ளி, அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். டீயும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"மாமா, டீ ஆறுதாம்," என்றாள் மருமகள் ஜெசாங்.

"என் காது நல்லாத்தான் இருக்குன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு," என்றார் அரப் பிர்கென்.

"அத்தை, மாமாவுக்குக் காது..."

"கேட்டுச்சு," என்றாள் தப்கிகென்.

இது ஆறாவது நாள்.

போன வாரப் பகுதியைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. படித்தவர்கள் அதற்குள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் மேட்டு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கறக்கும் பால் ஆணுடையது. அது கேனில் ஏறி சொசைட்டிக்குப் போகும். மாலையில் கறக்கும் பால் பெண்ணுடையது. பிள்ளைகளுக்குப் பால், ராத்திரி டீ எல்லாம் அதில்தான். மிச்சத்தைக் கரி பூசிய சுரைக்குடுக்கையில் ஊற்றி மூடி வைத்தால் நாலு நாளில் புளித்து முர்சிக் ஆகிவிடும். யாருக்கு முர்சிக் ஊற்றுவது, யாரை வெறும் டீயோடு அனுப்புவது என்பதும் அவள் இஷ்டம். விற்கலாம், அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம், கோபம் வந்தால் நாய்க்கும் ஊற்றலாம். புருஷன் ஏன் என்று கேட்க முடியாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால்தான் இத்தனை காலம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்கிறேன்.

அரப் பிர்கெனுக்கு இது தெரியாதா? எண்பத்திரண்டு வயது. ஐம்பத்தைந்து வருஷமாக எங்கள் பால் சொசைட்டித் தலைவர். பதினாலு பேரோடு ஆரம்பித்து முந்நூறு வீட்டுக்கு வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை, மாட்டுக்கு உண்ணி மருந்துத் தொட்டி எல்லாம் அவர் கப்சபெட் டவுன் ஆபீஸ்களுக்கு நடையாய் நடந்து வாங்கியது. மாடு இல்லாத வீடு என்றால் ஒரு கிடேரியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "வளர்த்துக்க. முதல் கன்னு எனக்கு, மீதி உனக்கு" என்பார். அந்த முதல் கன்றைக் கேட்க மறந்தும் போவார். இன்றைக்கு எங்கள் மேட்டில் எந்தத் தொழுவத்தில் எட்டிப் பார்த்தாலும் அவர் வீட்டுப் பசுவின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ ஒன்று அசை போட்டுக்கொண்டிருக்கும். எட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியதோடு ஊரையும் பிள்ளையாகப் பார்த்தவர்.

அப்படிப்பட்ட நல்ல மனுஷன் கையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை மைக் கிடைத்தது.

பால் யூனியன் அதிகாரி பொதுக்கூட்டத்துக்கு வந்திருந்தார். பாலைக் குளிர வைக்கும் பெரிய கூலர் ஒன்றைக் கொடுக்கிறோம் என்றார். ஆனால் காலைப் பால் மட்டும் அதற்குப் போதாது. சனிக்கிழமை சாயங்காலம் கூலர் தொட்டியில் சிவப்புக் கோடு வரை மாலைப் பால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கூலர் அடுத்த மேட்டுக்குப் போய்விடும். உடனே நம் தலைவர் எழுந்தார். கையை உயர்த்தினார். "சனிக்கிழமை முதல் கேன் என் வீட்டு மாலைப் பால்! எல்லா வீட்டுலேர்ந்தும் மாலைப் பால் வரும். இது என் வாக்கு!"

கை தட்டல் கூரையைப் பிய்த்தது. தட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். தட்டி முடித்த பிறகுதான் யாருடைய பாலுக்கு யார் வாக்குக் கொடுத்தார் என்பது எனக்கு உறைத்தது. மூன்றாவது வரிசையில் தப்கிகென் கை தட்டவில்லை. எழுந்தாள், தோளில் போட்டிருந்த லேசோ துணியை உதறி மடித்தாள், வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து புருஷனோடு நேர்ப்பேச்சு இல்லை.

இதோ, சனிக்கிழமை விடிந்துவிட்டது.

"சாயங்காலம் ஆறு மணிக்கு அதிகாரி வர்றார். உங்க அத்தை என்ன செய்யறதா இருக்கான்னு கேளு," என்றார் அரப் பிர்கென்.

"என்னைக்கும் செய்யறதைத்தான் செய்வேன்னு சொல்லு. அஞ்சு மணிக்குக் கறப்பேன்."

"கறந்து?" என்றாள் ஜெசாங்.

"கறந்து, என் பாலை என்ன செய்யணுமோ செய்வேன்."

இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஜெசாங்குக்குக் கழுத்து வலித்துப் போயிருந்தது. அவள் புருஷன் செரெம், இந்த வீட்டின் கடைக்குட்டி, எல்டொரெட் டவுனில் வாத்தியார். இந்த வாரம் வர முடியாது என்று முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டான். சண்டையை மோப்பம் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன்.

தப்கிகென் காலைப் பால் கேனைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "ஒரு சொட்டு குறையலை. மூடியைத் திறந்து பார்த்துக்கச் சொல்லு."

குறையவில்லை என்பது மட்டுமல்ல, இந்த ஆறு நாளாகக் காலைப் பால் கூடியிருந்தது. குறை சொல்ல ஓர் ஓட்டை இருக்கக் கூடாது என்று கடைசிச் சொட்டு வரை கறந்திருந்தாள். அந்த நேர்மைதான் கிழவருக்கு நெஞ்சில் குத்தியது.

கேனின் வயிற்றில் சிவப்பு பெயின்ட்டில் பெரிதாக 1 என்று எழுதியிருக்கும். அதுதான் அவருடைய உறுப்பினர் எண். தலைவர் பதவியைவிட அந்த எண்மேல் அவருக்குப் பிரியம் அதிகம். கைத்தடியில் செதுக்கியிருக்கிறார். தேவாலயத்தில் தான் உட்காரும் பெஞ்சின் அடியில் எழுதியிருக்கிறார். தன் சவப்பெட்டி மூடியிலும் எழுத வேண்டும் என்று தச்சனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

ஜெசாங் சொசைட்டியில் எழுத்தர். லாக்டோமீட்டர் போட்டுப் பாலைச் சோதிப்பதும் உறுப்பினர் புத்தகம் எழுதுவதும் அவள் வேலை. இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அவர் கைவண்டியில் கேனைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாமா, ஒரு வார்த்தை அத்தைகிட்ட கேட்டுடுங்களேன்."

"என்னன்னு?"

"சாயங்காலப் பாலைத் தருவியான்னு."

"அதான் வாக்குக் கொடுத்துட்டேனே!"

"கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும், மாமா."

"இப்பப் போய்க் கேட்டா, முன்னாடி கேட்கலைன்னு ஆயிடும்ல?"

"முன்னாடி கேட்கலைதானே?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். கேட்டா ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரியும் மாமா. ஊரே அங்கதானே உட்கார்ந்து கை தட்டுச்சு."

அரப் பிர்கென் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினார்.

"பொம்பளைங்க என்ன பேசிக்கிறாங்க?" என்றார் பிறகு, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணும் பேசிக்கலை. அதான் பயமா இருக்கு. அத்தை ஊத்தினா ஊத்துவாங்க. அத்தை ஊத்தலைன்னா இந்த மேட்டுல ஒரு பொம்பளையும் ஊத்த மாட்டா."

பாதை திரும்பும் இடத்தில் அவர் நின்றார். போன மழைக்காலத்தில் லாரி சேற்றில் மாட்டி மூன்று நாள் வரவில்லை. புளித்த பாலை முந்நூறு வீடும் இந்தத் திருப்பத்தில்தான் கொட்டியது. சாக்கடை வெள்ளையாக ஓடியது. அரப் பிர்கென் அன்றைக்குக் குடை பிடிக்க மறந்து நின்று பார்த்தார். அதன் பிறகு பத்து நாள் இருமினார்.

"இந்தக் கூலர் மட்டும் வந்துட்டா, மழைக்கு யாரும் பாலைக் கொட்ட வேணாம். அதைப் பார்த்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்," என்றார்.

மாமனாரை ஜெசாங்குக்குப் பிடிக்கும். மாமியாரை அதைவிடப் பிடிக்கும். அதுதான் அவளுடைய கஷ்டம்.

மத்தியானம் சோளக் களியும் கீரையும் பேச்சில்லாமல் முடிந்தன. நாலு மணிக்குத் தப்கிகென் தேவாலயப் பெண்கள் கூட்டத்துக்குக் கிளம்பினாள். "அஞ்சுக்கு வந்துடுவேன்" என்று மாட்டிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அரப் பிர்கென் ஜன்னல் வழியே அவள் வேலியைத் தாண்டும் வரை பார்த்திருந்தார். பிறகு வாளியை எடுத்தார்.

அவர் நினைப்பு இதுதான். பாலைக் கேட்டால்தானே கௌரவக் குறைச்சல்? தானே கறந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை. மாடு அவருடையது. கையும் அவருடையது.

முதல் மாட்டின் பெயர் செப்தூய். கறுப்பு. அரப் பிர்கென் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியைக் கழுவி, காம்பில் களிம்பு தடவினார். செப்தூய் புண்ணாக்கைத் தின்றபடி அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. பாலை மேலே ஏற்றி வைத்துக்கொண்டது. கால் மணி நேரம் இழுத்ததில் வாளியின் அடி நனைந்தது.

"தின்னு தின்னு! நீயும் அவ கட்சியா?" என்றார்.

பசுவுக்குப் பழகிய ஆள் வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. எழுந்து வீட்டுக்குள் போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். கொடியில் தொங்கிய தப்கிகெனின் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார். அவளுடைய லேசோவையும் இடுப்பில் சுற்றிக்கொண்டார். அதில் பெரிய பெரிய மஞ்சள் அன்னாசிப் பழங்கள். திரும்பப் போய் உட்கார்ந்து, அவள் கறக்கும்போது முனகும் பாட்டையும் மெல்லிய குரலில் முனகினார்.

செப்தூய் காதை ஆட்டியது. பால் இறங்கியது. அவர் முகத்தில் சிரிப்பு இறங்கியது. இரண்டு குவளை அளவு வந்திருக்கும், அதற்குள் இருமல் வந்துவிட்டது. தப்கிகென் இருமமாட்டாள். செப்தூய் ஒரே உதை. வாளி ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம்.

"மாமா?"

வாசலில் ஜெசாங் நின்றாள்.

"வெயில்," என்றார் அரப் பிர்கென், தலைத்துணியைத் தொட்டுக்காட்டி.

"தொழுவத்துக்குள்ளயா?"

"இந்தப் பக்கமா அடிக்குது."

ஜெசாங் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே செருமல் கேட்டது. துணைத் தலைவர் அரப் மையோ. இவரோடு ஒரே வருஷம் விருத்தசேதனம் செய்துகொண்ட கூட்டாளி, சொசைட்டியின் முதல் பதினாலு பேரில் இன்னும் உயிரோடு இருக்கும் இன்னொருவர். உள்ளே வந்தவர் தலைவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

சிரிப்பார் என்று ஜெசாங் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"உனக்கும் உதையாடா?" என்றார் ஈனஸ்வரத்தில். அவருடைய இடது முழங்காலில் சாணி அப்பியிருந்தது. சட்டைப் பையிலிருந்து பூப்போட்ட தலைத்துணி ஒன்று எட்டிப் பார்த்தது.

அன்று நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் எங்கள் மேட்டில் எத்தனை ஆண்கள் முக்காடு போட்டார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. என் வீட்டுக்காரர் போடவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறார். என் தலைத்துணியில் மாட்டு வாடை எப்படி வந்தது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

ஐந்தடிக்கும்போது தப்கிகென் திரும்பினாள். துணிகள் கொடிக்கு வந்திருந்தன, ஆனால் லேசோவின் அன்னாசிப் பழத்தில் ஒரு குளம்படி இருந்தது. பார்த்தாள். தொழுவத்துக்குப் போய்ப் பசுவின் கழுத்தைத் தடவினாள்.

"பாவம், யாரோ தெரியாத பொம்பளை வந்து பயமுறுத்திட்டாளா?" என்றாள்.

உள்ளே, அரப் பிர்கென் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவள் கறந்தாள். வாளி நிறைந்தது. அடுத்த பசு, அதற்கடுத்த பசு. கறந்து முடித்ததும் தன்னுடைய பழைய கேன் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினாள். அதில் எண் எதுவும் கிடையாது. பாலை வடிகட்டி அதில் ஊற்றி மூடினாள். கயிற்றைக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு சொசைட்டிப் பாதையில் இறங்கினாள்.

ஜன்னலில் நின்றவருக்கு நம்ப முடியவில்லை. "ஜெசாங்! போறா! பாலோட போறா!" கோட்டை மாட்டினார், தொப்பியை வைத்தார், தடியை எடுத்தார். "நான் சொல்லலை? உங்க அத்தை மனசு எனக்குத் தெரியாதா?"

ஜெசாங்குக்கு அந்த மனசு கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அவர் பின்னாலேயே நடந்தாள்.

சொசைட்டி வாசலில் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் பளபளவென்று கூலர், பக்கத்தில் பால் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய், குழாயில் சிவப்புக் கோடு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலா பக்கத்துப் பாதையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தி முதுகிலும் ஒரு கேன். எழுபதுக்குக் குறையாது. நானும் வந்தேன், என் கேனோடு. ஆண்கள் முகத்தில் வெளிச்சம் வந்தது. அரப் மையோ தன் முழங்கால் வலியை மறந்துவிட்டார்.

தப்கிகென் வரிசையின் முன்னால் போய்க் கேனை இறக்கினாள். அதன் மூடிமேல் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் எழுபது கேன்கள் தரையில் இறங்கின. எழுபது பெண்களும் உட்கார்ந்தோம்.

"என்ன, களைப்பா இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம்," என்றாள் ஜெசாங்.

அரப் பிர்கென் இதைக் கவனிக்கவில்லை. கையில் மைக் இருந்தது. தொண்டையைக் கனைத்தார்.

"ஐம்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, நாங்க பதினாலே பேரு..."

இந்தப் பேச்சு எங்களுக்கு மனப்பாடம். கல்யாணத்திலும் கேட்டிருக்கிறோம், சாவிலும் கேட்டிருக்கிறோம். முதல் லாரி வந்த நாள், ரோடு இல்லாத காலம், விடியற்காலைக் குளிர். பின்வரிசைப் பிள்ளைகள் உதட்டசைவிலேயே கூடச் சேர்ந்து சொல்லும்.

"முதல் கேனை இந்தத் தோள்ல சுமந்தேன். எட்டு மைலு. ஆத்தைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, ஒரு சொட்டு கூடச் சிந்தாம..."

"ஒரு சொட்டு கூடச் சிந்தாமயா?"

தப்கிகெனின் குரல். ஆறு நாளில் புருஷனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவ்வளவுதான் கேட்டாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுத்துச் சண்டை போட்டிருப்பார். அவளோ கேன்மேல் கையைக் கட்டி உட்கார்ந்து அவரையே பார்த்தாள். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அது அவருக்கும் தெரிந்தது.

மைக் கொஞ்ச நேரம் இரைந்தது. அரப் பிர்கென் தொப்பியைக் கழற்றினார். வயசானவர்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"சிந்திட்டேன்," என்றார்.

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"நம்ம வீட்டுக்குக் கீழ இருக்கற ஆத்து மரப்பாலத்துல வழுக்கிடுச்சு. நானும் ஆத்துல விழுந்தேன், கேன் கவுந்துடுச்சு. ஒரு சொட்டு இல்லை, முழுசும் போச்சு. அங்க ரோட்டுல லாரி நிக்குது. மத்த பதிமூணு பேரும் நான்தான் கூப்பிட்டேன்னு வந்து நிக்கறாங்க. முதல் நாளே நான் வெறுங்கேனோட போய் நின்னா எவன் என்னை நம்பிப் பால் ஊத்துவான்? வீட்டுக்கு ஓடினேன்." தடியால் தப்கிகென் இருந்த பக்கம் காட்டினார். "இவ ஒண்ணும் கேட்கலை. முந்தின நாள் சாயங்காலம் கறந்து சுனைத் தண்ணியில இறக்கி வெச்சிருந்த பாலைத் தூக்கி என் கேன்ல ஊத்தினா. பிள்ளைக்கு வெச்சிருந்த பால். எங்க மூத்தவனுக்கு அன்னைக்கு வெறும் டீத்தண்ணி. நான் வேலி தாண்டற வரைக்கும் அவன் அழுதது கேட்டுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம சொசைட்டியோட முதல் கேன் மாலைப் பாலுதான். வெளியில சொல்லாதேன்னேன். இன்னி வரைக்கும் அவ சொல்லலை. நான்தான் மைக் கிடைச்ச இடத்துல எல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

பந்தலில் அரப் மையோ மெதுவாக எழுந்தார்.

"அதான் அன்னைக்குத் தொப்பலா நனைஞ்சு வந்தியா? வேர்வைன்னியேடா! ஐம்பத்தஞ்சு வருஷமா உன்னை மாதிரி உழைப்பாளி கிடையாதுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்!"

சிரிப்பு வெடித்தது. அரப் பிர்கெனும் அழுதுகொண்டே சிரித்தார். மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி, மனைவி உட்கார்ந்திருந்த கேனுக்கு முன்னால் போய் நின்றார்.

"தப்கிகென், உன் சாயங்காலப் பாலைத் தருவியா?"

"இதைப் போன ஞாயித்துக்கிழமை அடுப்படியில கேட்டிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"கூலர் வேணாம்னு நான் சொன்னேனா? மழையில பாலைக் கொட்டினப்ப எனக்கு வயிறு எரியலையா?"

"கேட்டிருக்கணும். தப்புதான்."

"மாட்டுகிட்ட போக முக்காடு போடத் தெரியுது. பொண்டாட்டிகிட்ட வர வெட்கமா இருக்கு!"

அரப் மையோ சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். பின்னால் அவருடைய சம்சாரம் கேன் அதிரச் சிரித்தாள்.

"தர்றேன். வீட்டுத் தேவைக்குப் போக மிச்சத்தைத் தர்றேன். ஆனா என் பேர்ல," என்றாள் தப்கிகென்.

ஜெசாங் உறுப்பினர் புத்தகத்தைத் திறந்து, அதிகாரியைப் பார்த்தாள். "வீட்டுக்கு ஒரு பேரு, ஒரு நம்பருதான். விதி அப்படி," என்றார் அதிகாரி.

"அந்த விதியை எழுதினப்ப எந்தப் பொம்பளையக் கேட்டீங்க?" என்றாள் தப்கிகென்.

அதிகாரி சிவப்புக் கோட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த எழுபது பேரைப் பார்த்தார். கூலரை அடுத்த மேட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் மாலைப் பால் பெண்களிடம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "எழுதுங்க, எழுதுங்க. விதியை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார்.

"எந்த நம்பர் போடட்டும் அத்தை?"

தப்கிகென் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "முதல் கேன் யாரோடது?"

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தடியில் செதுக்கியிருந்த எண்ணின்மேல் கட்டைவிரல் தானாகப் போய் மூடிக்கொண்டது. கைத்தடி, பெஞ்சு, தச்சனிடம் சொல்லி வைத்த பெட்டி எல்லாம் அவர் கண்முன் வந்து போயிருக்கும். பிறகு அவர் தடியைச் சுழற்றி, எண் தெரியும்படி அவள் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு," என்றார் ஜெசாங்கிடம். "உங்க அத்தைக்கு ஒண்ணு போடும்மா."

ஜெசாங் மாமா பெயரை அடித்துவிட்டு அத்தை பெயரை எழுதினாள்.

"அப்ப நான்?" என்றார் அரப் பிர்கென்.

தப்கிகென் எழுந்தாள். ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இரண்டாம் தடவையாக முதல் கேனின் மூடியைத் திறந்தாள்.

"வரிசையில வந்து நில்லுங்க."

அவர் போனார். சொசைட்டியை ஆரம்பித்த நாளிலிருந்து வரிசையில் நின்றிராத மனுஷன், எழுபது பெண்களையும் தாண்டி, ஒவ்வொருத்திக்கும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லி, கடைசியில் போய் நின்றார். கையில் கேன் கூட இல்லை.

பால் விழும் சத்தம் கேட்டது. கண்ணாடிக் குழாயில் வெள்ளை ஏறத் தொடங்கியது. ஜெசாங் பெயர் பெயராக எழுதினாள். அதிகாரி அவள் பக்கமாகக் குனிந்தார்.

"ஒரு சந்தேகம். உங்க மாமாவுக்கு இப்ப நம்பர் இல்லை. நம்பர் இல்லாதவர் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவர் தலைவரா இருக்க முடியாதே?"

ஜெசாங்கின் பேனா நின்றது.

"அப்படின்னா இந்த நிமிஷம் உங்க சொசைட்டிக்குத் தலைவர் யாரு?"

ஜெசாங் வரிசையின் கடைசியைப் பார்த்தாள். மாமாவைக் காணோம். பழக்க தோஷம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் பாதி வரிசைக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார்.

கூலர் பக்கத்திலிருந்து தப்கிகென் தடியைத் தூக்கி வரிசையின் கடைசியைக் காட்டினாள். "இந்தாங்க பெரியவரே! யாருன்னு பார்த்தெல்லாம் விட முடியாது. பின்னாடி போங்க!"

அரப் பிர்கென் மறுபேச்சில்லாமல் பின்னால் போனார்.

ஜெசாங் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.